சாவியும் சூதாட்டப் பெட்டியும் ஒரே பையில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கைப்பேசி என்னைப் பற்றி என்னிடமே கோள் சொல்கிறது. சென்ற வாரம் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 50 நிமிடம் திரையைப் பார்த்திருக்கிறேனாம். அதற்கு முந்தைய வாரத்தைவிட 11 விழுக்காடு அதிகமாம். சரியாகப் பசியாறும் நேரத்துக்கு வந்து சேரும் அறிக்கை அது. தோசையோடு சேர்த்துக் கொஞ்சம் குற்ற உணர்வையும் விழுங்கிவிட்டு, அறிக்கையை மூடிய அதே விரலால் இன்னொரு செயலியைத் திறந்துவிடுவேன்.

ஒரு வாரம் அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தேன். மொத்தம் ஏறக்குறைய 34 மணி நேரம். மன்னார்குடியில் இருக்கும் அம்மாவுடன் காணொளியில் பேசியது நான்கரை மணி. ரயிலில் நாவல் வாசித்தது மூன்று மணி. அலுவலகச் செய்திகள் ஆறு மணி. பிள்ளைகளின் பள்ளிப் படிவம், வங்கி, மருந்தக முன்பதிவு, மின்கட்டணம் எல்லாம் சேர்ந்து இரண்டு மணி. மிச்சம் பதினெட்டு மணிக்கும் மேல். அதில் என்ன பார்த்தாய் என்று கேட்டால், யாரோ ஒருவர் அண்டாவில் பிரியாணி கிண்டியது நினைவிருக்கிறது. வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை.

அம்மாவின் முகத்தையும் பிரியாணி அண்டாவையும் ஒரே கணக்கில் கூட்டிச் சொல்லும் எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது? திரை நேரத்தைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த நேரத்தை என்று யாரும் சொல்வதில்லை. சிங்கப்பூரில் இந்தக் கேள்விக்குக் கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு.

இந்த ஊரில் கைப்பேசி ஒரு சாவி. மத்திய சேம நிதிக் கணக்கு, வருமான வரி, வீட்டு விண்ணப்பம் என்று அரசாங்கத்தின் எந்தக் கதவைத் தட்டினாலும் சிங்பாஸ் என்ற மின்னடையாளத்தைக் கேட்கிறது. 2017இல் கைப்பேசிவழிப் பணம் அனுப்பும் பேநவ் வந்த பிறகு, தேக்கா சந்தையில் கீரைக்கட்டு வாங்குகிறவரும் சதுரக் குறியீட்டை நோக்கிக் கைப்பேசியை நீட்டுகிறார். குடும்பத்துக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டு கைப்பேசியில்தான் இணைப்பாக வந்து விழுகிறது. அச்சிட்டுத் தரச் சொல்லிச் சமூக மன்றத்துக்குப் போகலாம், பெரும்பாலோர் போவதில்லை. பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவுக்குச் சம்மதம் தெரிவிக்கவும் ஒரு செயலி. கொவிட் காலத்தில் தொற்றுத் தொடர்பைத் தடமறியும் டிரேஸ்டுகெதர் செயலியோ அதற்கான சிறு கருவியோ இல்லாமல் கடைத்தொகுதிக்குள் கால் வைக்க முடியாமல் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஆகவே, கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிட்டு நிம்மதியானவர்களின் கதைகள் எனக்கு வேறு நாட்டுச் சமையல் குறிப்பு போலத்தான் தோன்றும். ஒருமுறை வீராப்பாகப் பழைய பட்டன் கைப்பேசிக்கு மாறினேன். மூன்றாம் நாள் ஒரு பணப் பரிமாற்றத்துக்கு ஒப்புதல் தர வேண்டியிருந்தது. ஒப்புதல் தரும் செயலி வீட்டில், மேசை இழுப்பறைக்குள் இருந்தது. அன்று மாலையே பழையபடி ஆகிவிட்டேன்.

சாவி மட்டும் பையில் இருந்தால் பிரச்சினை இல்லை. அதே கண்ணாடித் துண்டுக்குள் ஒரு சூதாட்டப் பெட்டியும் ஒட்டவைக்கப்பட்டிருக்கிறது. கீரைக்குக் காசு கட்டுவதற்காகத் திறந்தவன், கட்டி முடித்தபின் அங்காடி நடைபாதையில் நின்று எட்டு நிமிடம் வேறெதையோ பார்த்துக்கொண்டிருக்கிறான். பின்னால் தள்ளுவண்டியோடு வந்த பாட்டி “வழி விடு தம்பி” என்று சொன்ன பிறகுதான் நினைவு வருகிறது.

அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதில் ரகசியம் ஏதுமில்லை. அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் புறாக்களை வைத்துச் சோதனை செய்தார். விசையைக் கொத்தினால் தானியம் விழும். எத்தனையாவது கொத்துக்கு விழும் என்று தெரியாதபடி வைத்தபோது, புறாக்கள் வேகமாக, விடாமல் கொத்தின. தானியத்தை அடியோடு நிறுத்திய பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டிருந்தன. திரையைக் கீழே இழுத்து விடுகிறோமே, புதிதாக ஏதாவது வந்திருக்கிறதா என்று பார்க்க? ஒருமுறை ஒன்றும் இருக்காது. அடுத்த முறை தங்கையின் குழந்தைப் படம் இருக்கும். அதற்கடுத்த முறை மறுபடியும் ஒன்றுமில்லை. இழுத்துக்கொண்டே இருக்கிறோம்.

நம்மூரில் நாலு நம்பர் லாட்டரி எடுக்கிறவர்களைக் கேலி செய்வது எளிது. அந்தக் குலுக்கல் புதன், சனி, ஞாயிறு என்று வாரத்துக்கு மூன்று முறைதான். இடையில் இருக்கும் நாட்களில் மனிதர் வேலைக்குப் போவார், சாப்பிடுவார், தூங்குவார். கைப்பேசியில் குலுக்கல் நொடிக்கு நொடி நடக்கிறது.

இன்னொரு கண்டுபிடிப்பு, முடிவில்லாமல் கீழே ஓடும் பக்கம். 2006இல் அதை வடிவமைத்தவர் ஏசா ராஸ்கின். முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் ‘அடுத்தது’ என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்த வேண்டுமா என்று ஒரு கணம் யோசிப்போம். அந்த ஒரு கணத்தில்தான் பலர் எழுந்து போவார்கள். அந்தக் கணத்தை எடுத்துவிட்டார்கள். அதைச் செய்ததற்காகப் பின்னாளில் வருந்துவதாக ராஸ்கினே வெளிப்படையாகச் சொன்னார். தமிழ் முரசு நாளிதழைக் கையில் எடுத்தால் கடைசிப் பக்கம் என்று ஒன்று உண்டு. கோப்பையில் டீ தீரும். இதில் அடி தெரிவதேயில்லை.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் குளோரியா மார்க் என்ற ஆய்வாளர் மனிதர்கள் ஒரே திரையில் எவ்வளவு நேரம் நிலைத்திருக்கிறார்கள் என்று பல ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004இல் சராசரி இரண்டரை நிமிடம். அண்மைக் கால அளவீடுகளில் 47 விநாடி.

இதில் எனக்கு வியப்பாக இருப்பது, சிங்கப்பூருக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும் என்பதுதான். 2010இல் இங்கே இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறந்தபோது குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று விதித்தார்கள். 2019இல் அதை 150 வெள்ளி ஆக்கினார்கள். போகாதே என்று தடுக்கவில்லை. வாசலில் ஒரு வேலி போட்டு, தாண்டுவதற்கு முன் ஒரு கணம் யோசிக்க வைத்தார்கள். ராஸ்கின் எடுத்துவிட்ட அதே கணத்தை இங்கே விலை வைத்துத் திரும்பக் கொடுத்தார்கள். கைப்பேசியின் வாசலில் அப்படி ஒன்றுமில்லை. முகத்தைக் காட்டினால் திறந்துகொள்கிறது. நான் பரிந்துரைக்கப் போவதெல்லாம், சாவிக்குக் கட்டணம் இல்லாமல் பெட்டிக்கு மட்டும் ஒரு சிறு கட்டணத்தை வீட்டிலேயே விதித்துக்கொள்வதுதான்.

அதற்குமுன், எது கெடுதல் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். திரை பிள்ளைகளின் மனநலத்தையே அழித்துவிட்டது என்று மேடையில் முழங்குகிறவர்களுக்கு எதிராக ஓர் ஆய்வு நிற்கிறது. ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 2019இல் வெளியிட்டது அது. பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்ம வயதினரின் தரவுகளை அலசியது. பிள்ளைகளிடையே காணப்படும் மனநல வேறுபாட்டில் மின்னிலக்கப் பயன்பாட்டோடு தொடர்புபடுத்தக்கூடியது அதிகபட்சம் 0.4 விழுக்காடு. உருளைக்கிழங்கு அடிக்கடி சாப்பிடுவதற்கும் மனநலத்துக்கும் உள்ள தொடர்பும் ஏறக்குறைய அவ்வளவுதான் என்று அவர்களே காட்டினார்கள். இது சராசரிக் கணக்கு. தனியொரு பிள்ளை படும் பாடு சராசரிக்குள் மறைந்துபோகும். ஆனாலும், மணிக்கணக்கை மட்டும் எண்ணினால் உண்மை கையில் சிக்காது என்பதற்கு இது போதும்.

எனக்கு இதைவிடத் தெளிவான பாடம் கண்ணாடிக் கடையில் கிடைத்தது.

சிங்கப்பூரில் தொடக்கநிலை ஆறை எட்டும்போது 65 விழுக்காட்டுப் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை இருக்கிறது. இளையர்களாகும்போது அது 83 விழுக்காடு. என் மகனுக்கு எட்டு வயதில் கண்ணாடி போட நேர்ந்தபோது வீட்டில் எல்லோரும் ஒரே குரலில் கைப்பேசியைத்தான் குற்றம் சொன்னோம். ஆனால் 2008இல் வெளியான ஓர் ஒப்பீடு வேறு கதை சொல்கிறது. சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வளரும் சீன இனத்தைச் சேர்ந்த ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். இங்கே 29.1 விழுக்காட்டினருக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3.3 விழுக்காடுதான். புத்தகம் அதிகம் படித்ததும், கண்ணருகில் வைத்துச் செய்யும் வேலைகளில் அதிக நேரம் இருந்ததும் சிட்னிப் பிள்ளைகள். பெரிய வேறுபாடு ஒன்றில்தான்: சிட்னியில் வாரத்துக்கு 13.75 மணி நேரம் வெளியே இருந்தார்கள், இங்கே 3.05 மணி நேரம்.

அந்தப் பிள்ளைகளைச் சோதித்த காலத்தில் ஐபோன் என்று ஒன்று உலகத்தில் இல்லை. அது வந்தது 2007இல். நம் பிள்ளைகள் அதற்கு முன்பே வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். பகல் வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் சுரந்து விழிக்கோளம் நீளமாக வளர்வதைத் தணிக்கிறது என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அதனால்தான் பிள்ளைகள் நாளுக்கு இரண்டு மணி நேரம் வெளியே இருக்க வேண்டும் என்று இங்கே அறிவுறுத்துகிறார்கள். திரையைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் துணைப்பாட வகுப்பை வைத்தால் கண்ணுக்கு ஒரு நன்மையும் இல்லை. திரை எதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

மிகச் சிறு குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் இவ்வளவு தாராளமாகப் பேச மாட்டேன். 2009இல் தொடங்கி, கருவிலிருந்தே குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவரும் கஸ்டோ என்ற சிங்கப்பூர் ஆய்வு இருக்கிறது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்த குழந்தைகளின் மூளை அலைகளில் வேறுபாடு தெரிந்ததையும், அதே பிள்ளைகள் ஒன்பது வயதில் கவனம், தன்னைக் கட்டுப்படுத்துதல் ஆகியவற்றில் பின்தங்கியதையும் அதன் தரவுகளைக் கொண்டு 2023இல் எழுதினார்கள். இது தொடர்பு; காரணம் இதுதான் என்று நிரூபணம் ஆகவில்லை. அதே பிள்ளைகளை வைத்து அடுத்து வந்த கட்டுரை இன்னும் முக்கியம்: பெற்றோர் மடியில் வைத்துப் புத்தகம் வாசித்துக் காட்டிய குடும்பங்களில் திரை நேரத்துக்கும் மூளை வளர்ச்சி வேறுபாட்டுக்கும் உள்ள தொடர்பு தணிந்திருந்தது.

இங்கேதான் தமிழ்க் குடும்பங்களின் தனிக் கவலை வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்று சொன்ன குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடு. பள்ளி ஆங்கிலம், அடுக்குமாடிக் கீழ்த்தள விளையாட்டு ஆங்கிலம், யூடியூப் ஆங்கிலம். நம் வீடுகளில் தமிழுக்கு மிஞ்சியிருப்பது சாப்பாட்டு மேசையும் தூங்குவதற்கு முன்னுள்ள அரை மணி நேரமும். கைப்பேசி முதலில் கை வைப்பதும் அந்த இரண்டு இடங்களில்தான். மகன் முட்டைக்கோஸ் பொரியலைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கும்போது “ஏன் ஒதுக்குகிறாய்?” என்று கேட்டு, அவன் சாக்குச் சொல்லி, நான் மறுத்து, அவன் அம்மா நடுவில் புகுந்து, இப்படிப் பத்து வாக்கியம் தமிழ் ஓடும். தட்டுக்குப் பக்கத்தில் திரை ஒளிர்ந்தால் அந்தப் பத்து வாக்கியமும் இல்லை. பொரியல் சத்தமில்லாமல் உள்ளே போய்விடும் என்பது உண்மைதான்.

ஆனால் அதே திரையில்தான் என் பிள்ளைகள் அப்பாயியைப் பார்க்கிறார்கள். தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்னூல்களும் அதில்தான் வருகின்றன. மன்னார்குடி நேரம் நமக்கு இரண்டரை மணி பின்தங்கியது. அம்மா வேலையெல்லாம் முடித்து இரவு ஒன்பது மணிக்குக் கூப்பிட்டால் இங்கே பதினொன்றரை. தங்கும் விடுதிகளில் இருக்கும் ஊழியர்களை நினைத்துப் பாருங்கள்: பன்னிரண்டு மணி நேர வேலை, லாரிப் பயணம், சமையல், குளியல் எல்லாம் ஆனபிறகு மேல்கட்டிலில் படுத்துக்கொண்டு மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் தகப்பன். அவரிடம் போய், தூங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பே திரையை அணைக்கச் சொல்லும் துணிவு எனக்கில்லை.

அந்த ஒரு மணி நேர விதி சுகாதார அமைச்சின் வழிகாட்டியில் உள்ளது, பிள்ளைகளுக்காக எழுதப்பட்டது. 2025 ஜனவரியில் பிள்ளைகளின் நலத்துக்கான குரோ வெல் எஸ்ஜி திட்டத்தோடு சேர்த்து அதை வெளியிட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குக் கீழே திரையே வேண்டாம், காணொளி அழைப்பு மட்டும் விலக்கு. அதற்கு மேல் ஆறு வயது வரை, பள்ளிப் பயன்பாடு தவிர, நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. ஏழு முதல் பன்னிரண்டு வரை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம். சிறு குழந்தை இருக்கும் வீட்டில் பின்னணியில் திரை ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டாம். இந்தக் கடைசி விதியை, யாரும் பார்க்காவிட்டாலும் தொடர் நாடகத்தில் யாராவது அழுதுகொண்டே இருக்கும் நம் வரவேற்பறைகளில் சொல்லிப் பார்க்க வேண்டும். காணொளி அழைப்புக்கு விலக்கு கொடுத்தவர்கள் பாட்டி, தாத்தாவைப் பற்றி யோசித்திருக்கிறார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளிகளில் 2026 ஜனவரியிலிருந்து உயர்நிலை மாணவர்களும் பள்ளி நேரம் முழுவதும் திறன்பேசியையும் திறன் கடிகாரத்தையும் பயன்படுத்தக் கூடாது. இடைவேளை, இணைப்பாட நடவடிக்கை, கூடுதல் வகுப்பு எல்லாம் இதில் அடங்கும். பள்ளி குறித்த இடத்திலோ பைக்குள்ளோ வைத்துவிட வேண்டும். தொடக்கப்பள்ளிகளில் இது ஏற்கெனவே நடைமுறை. நல்ல விதி என்றே நினைக்கிறேன், ஏனென்றால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பொருந்துகிறது. தான் மட்டும் கைப்பேசியை எடுக்காமல் இருந்தால் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு அது தண்டனை. யாரிடமும் இல்லை என்றால் இடைவேளையில் பேசுவதற்கு ஆள் கிடைக்கிறது. “கேன்டீனில் இப்போது ஒரே இரைச்சல் அப்பா” என்று மகள் புகார் சொன்னாள். எனக்கு அது நற்செய்தி.

விதி எட்டாத இடமும் உண்டு. கற்றலுக்காகப் பள்ளி வழியாக வாங்கிய கணினி வீட்டுக்கு வருகிறது. இரவு பதினொரு மணிக்குத் தானாக உறங்கும்படி வைத்திருந்ததைப் பத்தரைக்கு மாற்றியிருக்கிறார்கள். மாலை நான்கிலிருந்து பத்தரை வரை என்ன நடக்கிறது என்பது நம் பொறுப்பு.

எந்த விதியும் கண்டுகொள்ளாத வயது ஒன்று இருக்கிறது. அது அறுபதுக்கு மேல். பேரனிடமிருந்து கைப்பேசியைப் பிடுங்கும் குடும்பம், மாமனார் விடியற்காலை ஐந்து மணிக்கு முப்பது பேருக்கு ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்புவதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிறது. அவருக்குத் திரையில் ஓடுவதெல்லாம் ஒரே எடைதான்: உறவினர் அனுப்பிய மருத்துவக் குறிப்பு, போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வரும் அழைப்பு, உண்மையான வங்கிச் செய்தி. 2024இல் மட்டும் மோசடிகளில் சிங்கப்பூரில் 110 கோடி வெள்ளிக்கு மேல் பறிபோனது. பெரியவர்களிடம் திரை நேரம் பற்றி உபதேசிப்பதைவிட, சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழைக்கலாம் என்று குளிர்பதனப் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுவது பயனுள்ளது.

இனி வீட்டுக் கட்டணம். பல மாதங்களாகத் தோற்றுத் தோற்று எங்கள் வீட்டில் நிலைத்தவை சொற்பம். செயலிக்கு நேர வரம்பு வைப்பது எனக்குப் பலிக்கவில்லை. வரம்பு வந்ததும் ‘இன்னும் பதினைந்து நிமிடம்’ என்று அதுவே கேட்கும், நானும் தலையாட்டுவேன். திரையைக் கறுப்பு வெள்ளையாக்கியது ஒரு வாரம் பலன் தந்தது. பிறகு தக்காளிப் படம் சாம்பல் நிறத்தில் தெரிந்ததால் மளிகை வாங்க முடியாமல் மாற்றினேன், திரும்ப வைக்கவில்லை.

நிலைத்தது இடம்தான். வாசலருகே, காலணி அடுக்கின் மேல், வீட்டுச் சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே ஒரு மின்னேற்றிப் பலகை இருக்கிறது. இரவு எட்டரைக்கு மேல் எல்லாக் கைப்பேசிகளும் அங்கே; என்னுடையதும்தான். அது இல்லாமல் இந்த ஏற்பாடு மூன்று நாள்கூடத் தாங்கியிருக்காது. பேநவ் செய்ய வேண்டுமா, அங்கே போய் நின்று செய்யலாம். சாவிக்குத் தடையில்லை. பிரியாணி அண்டாவைப் பார்க்க வேண்டுமா, காலணி வாடையில் நின்றுகொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். எங்கள் 150 வெள்ளி அதுதான். காலையில் எழுப்ப முஸ்தஃபா கடையில் வாங்கிய ஒரு சாதாரண மணிக்கூடு. படுக்கையறையில் கைப்பேசி இருப்பதற்கு நாங்கள் சொல்லிவந்த ஒரே காரணம் அதோடு போயிற்று. அறிவிப்புகளில் மனிதர்கள் நேரடியாக அனுப்புவதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அணைத்தேன். முதல் இரண்டு நாள், ஊரே என்னை மறந்துவிட்டது போல இருந்தது.

தோற்ற இடத்தையும் சொல்லிவிட வேண்டும். அலுவலக வாட்ஸ்அப் குழு இரவு பத்து மணிக்கும் பேசுகிறது. வேலை நேரத்துக்குப் பிறகான தகவல் தொடர்பு பற்றி நிறுவனங்கள் தெளிவான கொள்கை வகுக்கலாம் என்று 2020இல் அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம் மூவரும் சேர்ந்து வெளியிட்ட முத்தரப்பு ஆலோசனைக் குறிப்பு சொல்கிறது. ஆலோசனைதான், சட்டமில்லை. குழுவில் முதலில் பதில் போடாமல் இருக்கப் போகிறவர் யார் என்று இருபது பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கிறோம். உயர்நிலைப் பள்ளிக்கு ஒரே நாளில் வந்த விதி மாதிரி ஒன்று எங்களுக்கும் வந்தால் நிம்மதியாக ஏற்றுக்கொள்வோம்.

அம்மாவின் அழைப்புக்கு மட்டும் பலகை விதியில் விலக்கு. வீட்டின் பழைய பலகைக் கணினியைச் சமையலறை மேடையில் அரிசி டப்பாவில் சாய்த்து வைத்திருக்கிறோம். அதில் வேறு செயலி எதுவும் இல்லை. இப்போது அம்மா அங்கே மாலை ஆறு மணிக்கே கூப்பிடுகிறார், இங்கே எட்டரை. நாங்கள் பாத்திரம் கழுவுகிறோம், அவர் அங்கே மல்லிகை கட்டிக்கொண்டிருக்கிறார். பாதி நேரம் யாரும் திரையைப் பார்ப்பதில்லை. சென்ற வாரம் மகன் பொரியலை ஒதுக்கியதை அரிசி டப்பாவிலிருந்து அப்பாயி கண்டுபிடித்துவிட்டார்.